மகமைக் கணக்கு: ராமநாதபுரம் கரையில் வியாபாரம் படித்த பையன்கள்

சொந்தக்காரப் பெண் ஒருத்தி எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ப்ராஜெக்டுக்காக ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி, "மாமா, உங்க ஆபீஸ்ல எம்.பி.ஏ. படிச்சவங்க இருந்தா ஃபார்வர்ட் பண்ணிவிடுங்க"ன்னு கேட்டிருந்தாள். தலைப்பு: சமூகப் பொறுப்பு, சமூக சேவை குறித்து வணிக மேலாண்மை மாணவர்களின் மனப்பான்மை. தமிழ்நாட்டில் எந்த மேலாண்மைக் கல்லூரி நூலகத்திலும் இந்தத் தலைப்பில் பைண்டு செய்த ப்ராஜெக்ட் ஒன்றாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன். "லாபம் மட்டுமே நிறுவனத்தின் நோக்கம் அல்ல" என்று ஒரு வாக்கியம். கீழே ஐந்து வட்டம். முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை.

இதில் யார் "உடன்படவில்லை" போடுவார்கள்? கேள்வியைப் படித்ததுமே எந்தப் பதில் நல்ல பிள்ளைத்தனமானது என்று தெரிந்துவிடுகிறது. இந்த வகை ஆய்வு செய்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆஸ்பென் நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து எம்.பி.ஏ. மாணவர்களிடம் இதே மாதிரிக் கேட்டது. உள்ளே வரும்போது வாடிக்கையாளர் தேவை, பொருளின் தரம் என்று பேசிய பிள்ளைகள், இரண்டு வருஷம் முடிந்து வெளியே போகும்போது பங்குதாரர் லாபத்தை முன்னால் வைத்தார்கள் என்பது 2001 ஆய்வில் தெரிந்தது. 2009இல், உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், ஹார்வர்டு மாணவர்கள் சிலர் டாக்டர்கள் எடுக்கிற உறுதிமொழி மாதிரி மேலாளர்களுக்கும் ஒன்று எழுதினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டேன். ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. கல்லூரியே இல்லாத காலத்தில் வியாபாரம் கற்றுக்கொண்ட பையனுக்கு இந்தப் பாடத்தை யார், எப்படி நடத்தினார்கள்? எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு நிறையவே தடயம் இருக்கிறது. சில வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை இங்கே கோர்த்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் ராமநாதபுரம் என்று சொல்வது பல இடங்களில் பழைய மாவட்டத்தை. 1910இல் உருவானது; 1985இல் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாகப் பிரிந்தது. அதுவரை கீழக்கரை மரைக்காயரும், தேவகோட்டை நகரத்தாரும், விருதுநகர் நாடாரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். மழை சரியாகப் பெய்யாத, விளைச்சலை நம்ப முடியாத ஒரே வறண்ட மாவட்டத்திலிருந்து இத்தனை வணிகர்கள் கிளம்பியதே தனியாக எழுதவேண்டிய விஷயம்.

ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே பாக் நீரிணைக் கரையோரமாகப் போனால் தொண்டி வரும். அதற்குப் பக்கத்தில் தீர்த்தாண்டதானம். இன்றைக்கு அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்குத்தான் அந்த ஊர் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் அது ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே உள்ள சிவன் கோயிலில் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல வணிகக் குழுக்கள் கோயில் மண்டபத்தில் கூடி, பழுதுபட்ட கோயிலைத் திருப்பணி செய்ய, துறைமுகத்தில் கைமாறும் சரக்கின் மேல் ஒரு தொகை வசூலிக்க ஒப்புக்கொண்ட செய்தி அது. கூடியவர்கள் பட்டியல்தான் சுவாரஸ்யம். மணிக்கிராமத்தார் இருக்கிறார்கள், சாமந்தப் பண்டசாலிகள் இருக்கிறார்கள், கூடவே அஞ்சுவண்ணமும் இருக்கிறது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து கடல் வழியாக வந்த வணிகர்களின் குழு. ஆரம்பத்தில் யூதர், கிறித்தவர் எல்லாம் அதில் இருந்திருக்கிறார்கள். இந்தக் கல்வெட்டுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவர்களும் உட்கார்ந்து ஒரு சிவன் கோயில் திருப்பணிக்கு வரி போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதை மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். காட்டலாம், தப்பில்லை. எனக்கு வேறொன்று படுகிறது. அங்கே கூடியவர்கள் "கோயிலுக்குச் செய்வது நல்லது" என்று ஒரு கருத்தைத் தெரிவித்துவிட்டுக் கலையவில்லை. சரக்கு கைமாறும்போது பணம் தானாகக் கழிய வேண்டும் என்று ஒரு விதியைப் போட்டார்கள். அன்றைக்கு எந்த வணிகருக்கு மனசு எப்படி இருந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மூட்டை நகர்ந்தால் காசு விழும்.

இதே நூற்றாண்டில் சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் இன்னொரு கல்வெட்டு. ஐநூற்றுவர் வகையைச் சேர்ந்த வணிகர் கூட்டம், தாங்கள் விற்கும் வாங்கும் பொருள்களின் மேல் கோயிலுக்கு இன்ன அளவு என்று நிர்ணயித்திருக்கிறார்கள். உப்பு, அரிசி, பயறு, மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பன்னீர், யானை, குதிரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நான் வேலையில் பார்க்கிற விலைப்பட்டியல் டேபிள் மாதிரியே, பொருளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு வீதம். இதை வடித்துக்கொடுத்தவரைக் கூட்டிவந்து எங்கள் டீமில் உட்கார வைக்கலாம்.

கல்வெட்டுகளில் இப்படிக் கழிக்கும் பங்குக்குப் 'பட்டணப்பகுடி' என்றெல்லாம் பெயர் வரும். பின்னாளில் நிலைத்த பெயர் மகமை. மதுரை, விருதுநகர்ப் பக்கம் மொத்தக்கடையில் சரக்கு வாங்கியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். பில்லின் அடியில் கூலி, சாக்கு, மகமை என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். இந்த மகமை லாபத்தில் கழிவது கிடையாது, விற்பனையில் கழிவது. நஷ்டத்துக்கு விற்றாலும் மகமை உண்டு. பெரிய முதலாளிக்கு மட்டும் என்றும் இல்லை, சின்னக் கடைக்காரரும் அதே வீதம். அதைவிட முக்கியம், அது முதலாளி பெயரில் போகாது. ஊர்ப் பொது, உறவின்முறை, கோயில், பள்ளிவாசல் என்று ஒரு பொதுக் கைக்குப் போகும்.

கீழக்கரையில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விதி ஓடியது, ஜகாத். ஒரு வருஷம் கையில் நின்ற செல்வத்தில், கடைச் சரக்கையும் சேர்த்து, நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 சதவீதம். இதுவும் லாபத்தைப் பார்ப்பதில்லை. இருப்பைப் பார்க்கிறது. மரைக்காயர் வீட்டுப் பையன் கடையில் உட்கார ஆரம்பித்த வருஷமே இருப்புக் கணக்கு எடுக்கிற வேலையும் வரும். எவ்வளவு சங்கு, எவ்வளவு துணி, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று பார்க்காமல் ஜகாத் தொகையைச் சொல்ல முடியாது. தர்மமும் ஸ்டாக் எடுப்பதும் ஒரே உட்காரலில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கீழக்கரை என்றதும் சீதக்காதி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியாகவே ஆகிப்போன மனிதர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கிழவன் சேதுபதியின் காலம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். டச்சுக் கம்பெனி ஆவணங்களைப் படித்தவர்கள் காட்டுகிற முகம் வேறு. பெரிய தம்பி மரைக்காயர் என்று அதில் வருகிறவர் அரிசி, துணி, முத்து, சங்கு எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிற, சேதுபதி அவையில் செல்வாக்குள்ள, டச்சுக்காரர்களுக்குத் தலைவலியான போட்டியாளர். (இருவரும் ஒரே ஆளா, ஒரே குடும்பத்து வேறு வேறு ஆட்களா என்று ஆய்வாளர்களுக்குள் பேச்சு இருக்கிறது.) கொடையாளி என்றால் சாது என்று நாமாகவே கற்பனை செய்துகொள்கிறோம். அந்த மனிதர் தொழிலில் கெட்டிக்காரர், கறாரானவர். சர்வேயில் "நெறிமுறை லாபத்தைக் குறைக்கும்" என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு அவர் என்ன பதில் போட்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். கேள்வியே புரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

சரி, பையன்களுக்கு வருவோம். வியாபாரப் படிப்பு பற்றி நமக்கு அதிகமாகத் தெரிந்திருப்பது நகரத்தார்களிடம்தான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இந்தப் பின்னங்களை மனசிலேயே பெருக்கத் தெரியாதவனுக்குக் கடையில் இடமில்லை. பிறகு ஒரு கடையில் பெட்டியடிப் பையன். கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை வேலை பார்த்து, எழுத்து பழகி, அடுத்தாளாக உயர்ந்து, ஒரு நாள் ஏஜென்ட்டாகி பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ முழுக் கடையையும் நடத்த வேண்டும். 'கொண்டுவிக்க'ப் போவது என்று அதற்குப் பெயர். சம்பளச் சீட்டு எழுதி, வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, இலங்கைக்குப் போன பையன்கள் ராமேஸ்வரம் தீவைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

அந்தப் பையன் எழுதிய ஏடுகள் சிட்டை, பேரேடு, ஐந்தொகை. வட்டி வரவு, வாடகைப் பற்று, சம்பளப் பற்று எழுதிய அதே பேனாவால் மகமையையும் எழுதினான். மகமைக்கென்று தனிக் கணக்கு. கோயில் பணம் கடையில் போட்டிருந்தால் அதற்கு வட்டியும் ஏறும். அதாவது சாமி கடையின் கடன்காரர்களில் ஒருவர், கடை அவருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கிக்காரர். இதுபோக ஊரில் குடும்பத்துக்குக் குடும்பம் புள்ளி வரி. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. டேவிட் ருட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய புத்தகத்தில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: இவர்களின் கோயில் தர்மத்தையும் வங்கித் தொழிலையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாது. தர்மம் செய்பவனுக்கு நாணயம், நாணயம் உள்ளவனுக்குக் கடன், கடன் கிடைப்பவனுக்குத் தொழில் என்று ஒரு சுற்று.

ராமேஸ்வரத்தில் இறங்கி நாலு தெரு நடந்தால் இந்தச் சுற்றின் கட்டடங்கள் கண்ணில் படும். நகரத்தார் சத்திரம் இருக்கிறது. வடநாட்டு வணிகர்கள் கட்டிய தர்மசாலைகள் இருக்கின்றன. கோயிலிலும் 19ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்று பெரிய அளவில் திருப்பணி செய்தது.

இதுவரை படித்தால் பழைய காலம் பொற்காலம் என்று தோன்றும். அங்கேதான் கமுதி குறுக்கே வருகிறது.

1897 ஜனவரி 26. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சிகாகோப் பயணத்துக்கு உதவியவர்களில் ஒருவர். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதுதான் உண்மையான வழிபாடு என்பது அந்தப் பேச்சின் சாரம். அதைக் கேட்ட மன்னர் உடனே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்ததாக விவேகானந்தர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதே 1897 மே மாதம், அதே சமஸ்தானத்தில், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். மன்னர் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது.

மன்னரின் கொடைக் குணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கொடுத்துக் கொடுத்தே ஜமீன் கடனில் மூழ்கியது என்பார்கள். மனப்பான்மையை அளக்கிற ஃபார்மைக் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பார். ஆனால் யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி அந்த ஃபார்மில் இருக்காது.

உள்ளே விடப்படாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள மறுபடியும் மகமைக்கே வரவேண்டும். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நாடார் வரலாற்றில் இது விரிவாக இருக்கிறது. சிவகாசி, விருதுநகர் (அப்போது விருதுப்பட்டி), அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் வண்டி மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்குவதற்குச் சுவர் எழுப்பிய பேட்டைகளை உண்டாக்கினார்கள். பேட்டையைப் பயன்படுத்துகிறவர்களிடமும், ஊர் நாடார் வணிகர் ஒவ்வொருவரின் வியாபாரத்திலும் மகமை. அது உறவின்முறைப் பொது நிதிக்குப் போகும். முறைக்காரர் என்று ஆள் மாற்றி மாற்றிப் பொறுப்பு. அந்தப் பணத்தில் கிணறு, கோயில், கல்யாண மண்டபம், கடைசியில் பள்ளிக்கூடம். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா 1889இல் ஆரம்பித்தது. மற்ற சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. கடை மகமை போதாது என்று வீட்டுக்கு வீடு பிடி அரிசி. பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள்; அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்கு. கணக்குப் புத்தகத்தில் பெண்கள் பெயர் வராத காலத்தில், கலயத்தில் அவர்கள் கணக்கு இருந்தது. அங்கே படித்த பையன் ஒருவர் பின்னாளில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததையும் மதிய உணவு போட்டதையும் நான் சொல்லத் தேவையில்லை.

மகமையின் பலவீனமும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. வசூலிக்கிற கூட்டம் எதுவோ, பெரும்பாலும் செலவும் அந்தக் கூட்டத்துக்கே. கூட்டமாகச் சேர வழியில்லாதவனுக்கு மகமை கிடையாது. வித்யாசாலா மாதிரி கதவைத் திறந்து வைத்தது விதிவிலக்கு.

அந்த எல்லையைத் தாண்டியதில் எனக்குப் பிடித்தவர் அழகப்பச் செட்டியார். 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், கல்லூரி தொடங்கத் தொழிலதிபர்கள் முன்வர வேண்டும் என்று பேச, கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே ஒப்புக்கொண்டு, அதே வருஷம் காரைக்குடியில் கல்லூரியைத் திறந்துவிட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1957இல் நாற்பத்தேழு வயதில் இறந்துபோனார். இன்று ராமநாதபுரம் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் பி.பி.ஏ. படிக்கும் பிள்ளையின் சான்றிதழில் இருப்பது அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்தின் முத்திரை. கீழக்கரையிலும் இதே போக்கு. 1984இல் முகமது சதக் பொறியியல் கல்லூரி, 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, இரண்டும் கீழக்கரை வணிகக் குடும்பங்களின் அறக்கட்டளைப் பணம். ஆக, இந்தக் கரையில் சமூகப் பொறுப்பு பற்றி ஃபார்ம் நிரப்புகிற பிள்ளைகளில் பலர், எழுபது எண்பது வருஷத்துக்குள் யாரோ ஒரு வியாபாரி கொடுத்த கட்டடத்தில் உட்கார்ந்துதான் நிரப்புகிறார்கள்.

இத்தனை கொடுத்தும் ஊர் என்ன ஆச்சு? 2018 ஜனவரியில் நிதி ஆயோக் நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயர் வைத்தது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு. விருதுநகர், ராமநாதபுரம். மகமையின் தலைநகரும் சீதக்காதியின் ஊரும்! இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பல. மழை ஒன்று. இந்த வணிகர்களின் முதல் இங்கே இல்லாதது இன்னொன்று. நகரத்தார் பணம் பர்மா நெல் வயல்களில் கிடந்தது. 1942இல் ஜப்பானியர் வந்ததோடு ஆட்டம் கண்டு, 1948இல் பர்மா அரசு கொண்டுவந்த நிலத் தேசியமயச் சட்டத்தோடு போனது. கீழக்கரைக்காரர்களுக்குக் கொழும்பு, சென்னை, வளைகுடா. வெளியே சம்பாதித்து, ஊரில் கோயிலும் பள்ளியும் வீடும் கட்டினார்கள். கட்டியது நிற்கிறது. ஆனால் படித்து முடித்த பையனுக்கு ஊரில் வேலை இல்லை, என்னையும் சேர்த்து.

இப்போது சட்டம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் அமலில். எம்.பி.ஏ. பாடத்திட்டத்தில் சி.எஸ்.ஆர். பெரிய தலைப்பானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மகமையோடு வைத்துப் பாருங்கள். அது விற்பனையில், இது லாபத்தில். அது எல்லாக் கடைக்கும், இது பெரிய கம்பெனிக்கு மட்டும். ஆரம்பத்தில், செலவழிக்காவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்றிருந்தது. 2021இல்தான் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றியே ஆகவேண்டும் என்றானது. இதை மகமைக்காரர்கள் 1269லேயே யோசித்துவிட்டார்கள்! இன்னொரு விதி எங்கள் ஊருக்கு ஆகாதது: நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தொழிற்சாலை இருக்கிற இடத்துக்கே இந்தப் பணமும் போகும். எங்கள் மாவட்டத்தில் கமுதி சூரிய மின் நிலையம் மாதிரி ஒன்றிரண்டை விட்டால் என்ன இருக்கிறது?

மண்டபம் கடலில் நடந்த கதை ஒன்றையும் எம்.பி.ஏ. பிள்ளைகள் படிக்கலாம். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். 2000களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனம், மத்திய உப்பு மற்றும் கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு உண்மையாகவே வருமானம் வந்தது. பிறகு தொழில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. இதற்கிடையில் அந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில வருஷம் கழித்து, கடல் சூடேறியதில் வளர்த்த பாசியும் பெரிய அளவில் செத்தது. யாரையும் வில்லனாக்க இதைச் சொல்லவில்லை. பெண்களின் வருமானம் அறிக்கையில் ஏறுகிறது, பவளப்பாறை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் இல்லாத ஒன்றுக்குப் பொறுப்பாளி யார் என்று ஐந்து வட்டத்தில் எதைத் தொட்டுச் சொல்ல?

மாணவர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, கூடவே ஏழு நாள் முகாம். நம் கல்லூரிகளில் பகுதி ஐந்து என்று அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. சர்டிஃபிகேட்டுக்காக வருகிறார்கள் என்று புலம்புகிற பேராசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருக்கட்டுமே. பெட்டியடிப் பையன் மட்டும் என்ன, மகமை எழுதும்போது உருகிக்கொண்டா எழுதினான்? எழுதாவிட்டால் மேலாள் திட்டுவார், அவ்வளவுதான். எழுதி எழுதிப் பழகினான்.

எனக்குக் குறையாகத் தெரிவது, அந்த 120 மணி நேரத்துக்கும் அவர்கள் படிக்கிற வியாபாரத்துக்கும் தொடர்பே இல்லாதது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுப் பக்தர்கள் கட்டிய துணியைக் கடலிலேயே விட்டுப்போவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து அள்ளிப்போடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே துணி. அந்தக் கடற்கரையில் எத்தனை கடை, எத்தனை விடுதி, ஒரு நாளைக்கு எவ்வளவு வியாபாரம், ஒரு பில்லுக்கு எத்தனை பைசா கழித்தால் வருஷம் முழுக்க நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று கணக்குப் போட வேண்டியவர்கள், துணி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அள்ளுவது நல்லதுதான். அதோடு இதையும் ஒரு ப்ராஜெக்டாகச் செய்தால் என்ன? அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "கைடு ஒத்துக்க மாட்டாரு மாமா, சாம்பிள் சைஸ் நூறு வேணும்"னாள்.

மகமை செத்த வழக்கம் கிடையாது. கோர்ட்டுக்கே போய் ஜெயித்த வழக்கம். வடக்கே இதற்குத் தர்மாதா என்று பெயர். பிஜிலி காட்டன் மில்ஸ் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாடிக்கையாளரிடம் தர்மாதா என்று வாங்கிய பணம் வியாபாரியின் வருமானமே ஆகாது, வாங்கும்போதே தர்மத்துக்குச் செலவிடும் கடமையோடுதான் அது அவர் கைக்கு வருகிறது, அதற்கு வருமான வரி இல்லை. 2019இல் மால்பானி வழக்கில் இதே தர்க்கம் கலால் வரிக்கும் வந்தது. கடைகளுக்கு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் மகமைக்கு லெட்ஜர் எங்கே திறப்பீர்கள் என்று கேட்டேன். செலவுக்குக் கீழே திறக்கக் கூடாது, நடப்புக் கடன் பொறுப்புகளுக்குக் கீழே திறக்க வேண்டும் என்றார். பர்மாவில் அடுத்தாள் எழுதிய பேரேட்டில் இருந்த அதே இடம்.

அந்தப் பேரேடுகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழக்கரை, தொண்டி, தேவகோட்டை, கமுதி, அபிராமம் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடைக் கணக்கு ஏதாவது கிடந்தால், கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, மகமை என்று தலைப்புப் போட்ட பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயர், விலாசத்தை மறைத்துவிட்டே அனுப்பலாம். எனக்கு வேண்டியது இரண்டு எண்தான்: ரூபாய்க்கு எவ்வளவு கழித்தார்கள், வருஷக் கடைசியில் அது எங்கே போனது.